ராய்டன் மிதிக்காத வீடு

சாமான்களை ஏற்றி வந்த படகு தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சேறு மண்டிய ஒரு துறையில் தட்டி நின்றது. சிசிலி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். அவள் கணவன் டோபியாஸ் படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இனிமேல் அவர்கள் வாழப்போகும் வீடு, கரையிலிருந்து ஒரு சந்தின் கோடியில், மற்ற வீடுகளிடம் கோபித்துக்கொண்டதுபோலத் தள்ளி நின்றது. கீழ்ச்சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேல் அறையின் அகன்ற ஜன்னல் மட்டும் ஆற்றை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னலுக்காகத்தான் டோபியாஸ் இந்த வீட்டைப் பிடித்தான். கப்பல் பாய் தைப்பது அவன் தொழில். கித்தான் துணியை விரித்துப் போட நீளமான தரையும் நாள் முழுக்க வெளிச்சமும் வேண்டும்.

மூட்டைகளை உள்ளே தள்ளி முடிப்பதற்குள், பக்கத்து வீட்டு உர்சுலா பைக் விலாங்கு மீன் வைத்துச் சுட்ட அப்பத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் அப்பம் இருந்தாலும் கண்கள் வீட்டைத் துழாவிக்கொண்டிருந்தன.

"எத்தனை பேரும்மா நீங்க?"

"நானும் வீட்டுக்காரரும்தான்."

"ரெண்டே பேரா? அப்போ மேல ஜன்னல்ல நின்னுட்டு இருந்தவர் யாரு? கூலிக்கு வந்தவரா?"

சிசிலி திரும்பிப் பார்த்தாள். டோபியாஸ் இன்னும் துறையில்தான் இருந்தான்.

"மேல யாரும் இல்லையே."

"இல்லைன்னா இல்லைதான்." உர்சுலா சிரித்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. காலம் கெட்டுக் கிடக்கு, அதான் கேட்டு வச்சேன்."

சொல்ல மாட்டேன் என்றவர்கள்தான் அந்த நாட்களில் முதலில் போய்ச் சொன்னார்கள். ராணியைக் கொல்லச் சதி நடந்ததென்று அந்தக் கோடையில் எத்தனையோ பேரைப் பிடித்திருந்தார்கள். தடை செய்யப்பட்ட கத்தோலிக்கப் பாதிரியை ஓர் இரவு ஒளித்துவைத்தாலே தூக்கு. ஆற்றுப் பாலத்தின் தென்வாசலில், துரோகிகளின் தார் பூசிய தலைகள் கம்பங்களில் குத்தி நின்றன. அதன் அடியில் போகும் படகுகளில் பேச்சு தானாக நின்றுவிடும்.

சிசிலிக்கு வேறொரு பயமும் இருந்தது. டோபியாஸின் அம்மா அந்தப் பழைய கத்தோலிக்க மதத்திலேயே செத்தவள். அவளுடைய ஜெபமாலையை டோபியாஸ் நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருப்பது சிசிலிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் அமைதியாகப் போயின. பிறகு அந்த வாசனை வந்தது.

நனைந்த கம்பளி மேலங்கியின் வாசனை. அதோடு குதிரை வியர்வை, நெடுந்தூரத்துச் சாலையின் சேறு. யாரோ மழையில் நாள்கணக்காகச் சவாரி செய்து வந்து இப்போதுதான் இறங்கியதுபோல, படிக்கட்டின் பாதியில் அது முகத்தில் அடிக்கும். மேலே ஏறினால் அறை காலியாக இருக்கும்.

அவர்களிடம் குதிரை கிடையாது. அந்தச் சந்தில் யாரிடமும் கிடையாது.

ஒருநாள் நண்பகல், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிசிலியின் காதில் மாடியிலிருந்து ஓர் ஆண்குரல் விழுந்தது. தாழ்ந்த குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் அது டோபியாஸின் குரல் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓசைப்படாமல் ஏறினாள். டோபியாஸ் அறையின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"யாரோட பேசிட்டிருந்தே?"

"நான் பேசலையே." அவன் அவளுக்குப் பின்னால், காலியான படிக்கட்டைப் பார்த்தான். "நீ யாரையாவது கூட்டிட்டு வந்தியா?"

அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கண்காணிக்கத் தொடங்கினார்கள். அவன் வெளியே போனால் அவள் கட்டிலுக்கு அடியிலும் புகைபோக்கிக்கு உள்ளேயும் கைவிட்டுத் தேடினாள். சுவரைத் தட்டித் தட்டி, எங்காவது வெற்றிடமாகக் கேட்கிறதா என்று பார்த்தாள். அவள் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அவன் வாசலில் நின்று, அவள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் தின்றார்கள். ஒரே படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்தார்கள்.

பாயில் கறை விழுந்த அன்று எல்லாம் வெடித்தது. ஒரு வணிகக் கப்பலுக்காக வாரக்கணக்கில் தைத்த வெள்ளைக் கித்தான். அதன் குறுக்கே சேற்றுப் பூட்ஸ் தடங்கள். மேல் அறையின் வாசலிலிருந்து ஜன்னல் வரை போயிருந்தன.

திரும்பி வரவில்லை.

"எவன் அவன்?" டோபியாஸ் துணியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "என் சோத்துலயே மிதிச்சிட்டுப் போயிருக்கானே, எவன்?"

"என்னைக் கேக்கறியா? நூல் பெட்டியில மாலையை ஒளிச்சு வச்சிருக்கறது நானா நீயா? எந்தப் பாதிரியை இங்க வச்சிருக்கே? சொல்லிடு டோபி. உன்கூடச் சேர்ந்து சாகறதா இருந்தாக்கூடத் தெரிஞ்சு சாகறேன்."

அவன் துணியைக் கீழே விட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பாதிரியா? நான் நீதான் ஒருத்தனை..." மேலே சொல்ல வரவில்லை அவனுக்கு. "ஒரு ஆம்பளை உன்கூடப் பேசறது எனக்குக் கேட்டுது, சிசிலி. நீ அடுப்படியில இருந்தே. குரல் மேல, என் பக்கத்துலயே வந்தது. பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பார்த்தேன்."

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. அவர்கள் கீழே, மேசையின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். தலைக்கு மேலே பலகை முனகியது. ஒரு காலடி. இன்னொன்று. ஜன்னலருகே போய் நின்றது. பிறகு குரல், முதல்முறையாக வார்த்தை வார்த்தையாக, பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது.

"முடி சூடிய தலை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது."

சிசிலி கணவனின் கையைப் பிடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் கையைத் தொட்டாள். இருவருக்கும் ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. அவனும் இல்லை, அவளும் இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ராணியின் சாவைப் பற்றிப் பேசுவது ராஜத்துரோகம். காதில் விழுந்தும் போய்ச் சொல்லாமல் இருப்பதும் குற்றம்.

வெளியே வேலியோரத்தில் உர்சுலா பைக் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கை அந்தரத்தில் நின்றிருந்தது. அண்ணாந்து மேல் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கூடையை அப்படியே போட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.

மறுநாள் காலை ஊர்க்காவலர் ரீவ் ஆட்களோடு வந்தார். வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். நூல் பெட்டியிலிருந்து ஜெபமாலை விழுந்தது. அதற்குமேல் யாரும் எதையும் தேடவில்லை. டோபியாஸின் கையைப் பின்னால் கட்டினார்கள்.

"பேசினது இவன்தான்," என்றார் ரீவ். "கேட்டுட்டிருந்த இன்னொருத்தன் எங்க? அதைச் சொல்லிட்டா உனக்கு நல்லதும்மா."

சிசிலி படகு பிடித்து வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனாள். அவள் சித்தி மகன் பார்னபி அங்கே நீதிமன்றப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. ராஜத்துரோக வழக்குகளின் ஏடுகள் தோல் பைகளில் கட்டப்பட்டு, மூன்று பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். மூன்று சாவியும் மூன்று பெரியவர்களிடம். அந்த நவம்பர் மழையில் கூரை ஒழுகி அலமாரி நனைந்துவிட்டதால், பைகளை வெளியே எடுத்து அடுப்பருகே உலர்த்தச் சொல்லியிருந்தார்கள். அறை முழுக்க ஈரத்தோலின் வீச்சம்.

அவள் நடந்ததைச் சொன்னாள். பார்னபி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தாளு என்ன சொன்னான்? அப்படியே சொல்லுக்கா."

சொன்னாள். பார்னபி நிமிர்ந்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உன் வீடு எந்தச் சந்துல இருக்கு?"

"தார்க்கொட்டகைச் சந்துல. கோடி வீடு."

அவன் அடுப்பருகே கிடந்த பைகளில் ஒன்றிலிருந்து சுருண்ட தோல் ஏட்டை எடுத்தான். முதுகால் கதவை மறைத்துக்கொண்டு லத்தீனைத் தாழ்ந்த குரலில் பெயர்த்துச் சொன்னான். ராணியின் அப்பா காலத்து வழக்கு. ஹம்ப்ரி ராய்டன் என்னும் கனவான், நவம்பர் கடைசியில் வரும் புனித ஆண்ட்ரூ திருநாளுக்கு முந்தைய நாள், தார்க்கொட்டகைச் சந்தின் கோடி வீட்டில், ஆற்றைப் பார்த்த மேல் அறையில், இன்னும் பெயர் தெரியாத துரோகிகள் முன்னிலையில் சொன்னது: முடி சூடிய தலை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.

"அப்போ அந்த வீட்டுல அப்படிப் பேசினவரா?" என்றாள் சிசிலி.

"இல்லைக்கா. அதுதான் கொடுமை. அவர் அந்த வீட்டை மிதிச்சதே இல்ல."

"எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. என் பழைய எஜமான் அந்த விசாரணையை நேர்ல பார்த்தவர், குடிச்சா அழுதுகிட்டே சொல்வார். ராய்டன் அந்த மாசம் முழுக்க வடக்கே யார்க் நகரத்துல, சாகக் கிடந்த பொண்டாட்டி பக்கத்துல இருந்தாராம். ஆனா தீர்ப்பு சொல்ல உட்கார்ந்த ஜூரிங்க இந்த ஜில்லாக்காரங்க. இந்த ஜில்லாவுல குத்தம் நடந்ததா எழுதினாத்தான் அவங்க தீர்ப்பு சொல்லலாம். அதனால எங்கயோ ஒரு வீடு தேவைப்பட்டுது. யாரோ ஒரு சந்து பேரைச் சொன்னாங்க. எழுதிட்டாங்க."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. இருவரும் துள்ளித் திரும்பினார்கள்.

"அந்த வார்த்தையும்..?"

"அதுவும் அவர் சொன்னதில்ல. தூக்குமேடையில ஏறினப்போ அழலையாம். கூட்டத்தைப் பார்த்து, 'நீங்க எழுதினதுதான் உண்மைன்னா, அதை நான் இன்னும் செய்யலை. செய்யறேன்'னு சொன்னாராம்."

சிசிலி ஏட்டைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"அந்தச் சந்தோட பேரைச் சுரண்டிடு, பார்னபி. ஒரே ஒரு வரி."

"ஒரு எழுத்தைத் தொட்டாலும் என் தலை பாலத்துல நிக்கும்." அவன் ஏட்டைச் சுருட்டினான். "நான் இதைப் படிச்சேன்னு மூச்சு விட்டுடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவள் பார்னபியின் பெயரை வெளியே விடவில்லை. நேராக மாவட்ட நீதிபதி சர் ஜெர்வேஸ் மோல்டனிடம் போனாள். பார்வையாலேயே ஆளை உரித்துவிடுவார் என்று பேர் வாங்கிய மனிதர் அவர். அவளை நிற்கவைத்தபடியே வறுத்த வாத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் புருஷன் இன்னும் வாயைத் திறக்கல," என்றார். "கூட இருந்தவன் யாருன்னு நீ சொல்லப்போறியா?"

"ஆண்ட்ரூ திருநாளுக்கு முந்தின நாள் அவர் மறுபடியும் வருவார், ஐயா. என் புருஷன் உங்க சிறையிலேயே விலங்கோட இருக்கட்டும். நீங்க என் வீட்டு மேல் அறையில வந்து உட்காருங்க. வர்றவரை நீங்களே பிடிச்சுக்கங்க."

அவர் எலும்பைத் தட்டில் வைத்தார்.

"காட்டிக் குடுக்கற மாதிரி வந்து, என்னைக் கொல்ல ஆள் வைக்கறியோ?"

"ஆளுங்களோட வாங்க. யாரும் வரலைன்னா என்னையும் என் புருஷனோடயே தொங்க விடுங்க."

சர் ஜெர்வேஸ் வந்தார். சந்தின் இரு முனையிலும் ஆட்களை நிறுத்தினார். வீட்டை மூலை முடுக்கெல்லாம் சோதித்த பிறகு, பின்வாசலை ஆணியடித்து மூடச்சொன்னார். மேல் அறையில் நாற்காலி போட்டு, மடியில் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்கதவின் தாழ்ப்பாளை ரீவ் தன் கையாலேயே போட்டார். சர் ஜெர்வேஸின் எழுத்தர் கீழே மேசையில் காகிதத்தோடு உட்கார்ந்தார்; ரீவும் சிசிலியும் படிக்கட்டில் விளக்கோடு நின்றார்கள். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, மாலை வெளிச்சத்தைச் சாம்பலாக்கிக்கொண்டிருந்தது.

ரீவ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை அசைத்தாலும் அவர் கண் அதோடு அசைந்தது.

முதலில் குளம்புச் சத்தம். சந்தின் கல்தரையில் ஒரே ஒரு குதிரை, களைத்த நடையில் வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றது. சேணத்தின் தோல் கிறீச்சிட்டது.

வெளியே இருந்த ஆட்கள் யாரும் 'நில்' என்று சொல்லவில்லை.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் கீழே நாணல் பரப்பிய தரையில் யாரோ பூட்ஸைத் தேய்ப்பது கேட்டது.

ரீவின் கையில் விளக்குச் சுடர் படுத்துக்கொண்டது.

முதல் படி முனகியது.

அடுத்த படி.

அந்த வாசனை. ஈரக் கம்பளி, குதிரை வியர்வை. சிசிலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சில்லென்று நனைந்த ஒரு துணியின் ஓரம் அவள் புறங்கையை உரசிக்கொண்டு மேலே போனது. கையைப் பார்த்தாள். சேற்றுக் கோடு ஒன்று இருந்தது.

ரீவ் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவர் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. தடை செய்யப்பட்ட பழைய ஜெபம்.

மேல் அறைக்குள் காலடிகள் போயின. நாற்காலி நகர்ந்தது. "யாரது?" என்றார் சர் ஜெர்வேஸ். அதிகாரக் குரல்தான். பாதியில் உடைந்துவிட்டது.

"முடி சூடிய தலை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது."

பிறகு ஆற்றுநீர் கரையில் தட்டுவதுகூட நின்றுவிட்டதுபோலிருந்தது. அதன்பின் அதே குரல், இந்த முறை ஒப்பிக்காமல், களைத்துப்போன ஒரு மனிதனின் குரலாக, மரியாதையோடு கேட்டது.

"எழுதிக்கிட்டீங்களா?"

சர் ஜெர்வேஸ் இறங்கி வர நெடுநேரம் ஆயிற்று. தொப்பி தலையில் இல்லை. கைத்துப்பாக்கியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஜன்னல் பக்கத்துத் தோள் நெடுக நனைந்திருந்தது. கீழே மேசையில் அவருடைய எழுத்தர் இறகை மையில் தொட்டபடி காத்திருந்தார்.

"ஐயா, என்ன எழுதட்டும்?"

"எழுதாதே!" சர் ஜெர்வேஸ் கத்தினார். இறகைப் பிடுங்கி ஒடித்தார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ரீவை, எழுத்தரை, சிசிலியை. ராஜத்துரோக வார்த்தையைக் காதால் கேட்டும் சொல்லாமல் இருக்கப்போகிறவர்கள் இப்போது இத்தனை பேர். அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். "இங்க யாரும் எதையும் கேக்கல. புரியுதா? யாரும்."

"யாரும் கேக்கலை ஐயா," என்றார் ரீவ்.

டோபியாஸை விட்டுவிட்டார்கள். கால் விலங்கு அறுத்த இடம் புண்ணாகி, அதன் பிறகு அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தான். அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. வடகரையில், பாலத்துக்குக் கீழே, ஜன்னல் சின்னதாக இருந்த ஓர் அறையில் குடியேறினார்கள். சிசிலி அவனுக்கு வேறொரு ஜெபமாலை வாங்கித் தரவில்லை. ஆனால் அவன் விரல்கள் நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு முணுமுணுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது அவள் பயந்ததெல்லாம் சர் ஜெர்வேஸுக்குத்தான். தெருவில் குதிரை போனால் அவருடைய ஆளோ என்று பார்ப்பாள். அவரும் எங்கோ உட்கார்ந்து அவர்களை நினைத்து அப்படியே பயந்துகொண்டிருப்பார் என்று டோபியாஸ் சொன்னான்.

வீடு சாய்ந்து ஆபத்தாக இருக்கிறதென்று சொல்லி, சர் ஜெர்வேஸ் அதை இடிக்க உத்தரவு போட்டார். உத்திரம், பலகை, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் எரித்தார்கள். மிச்சம் இருந்த கல்லை ஆற்றில் கொட்டினார்கள். அடுத்த கோடையில் அங்கே இடுப்பளவு, தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி வளர்ந்துவிட்டது.

மறு குளிர்காலத்தில் டோபியாஸுக்குத் தார் வாங்க சிசிலி தென்கரைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது மாலை சாய்ந்துவிட்டது. படகோட்டி கரையோரமாகவே வந்தான். பழைய துறை நெருங்கியதும் முகத்தை ஆற்றின் நடுப்பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாகத் துடுப்பு போட்டான்.

"ஏன் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேங்கறே?" என்றாள்.

"நீங்களும் பார்க்காதீங்கம்மா."

அவள் பார்த்தாள். சந்தின் கோடியில் வீடு இல்லை. சுவர் இல்லை, படிக்கட்டு இல்லை. செந்தட்டிச் செடிகளுக்கு மேலே வெறும் மூடுபனி. அந்த மூடுபனியில், மேல் அறை இருந்த உயரத்தில், காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல், மேலங்கி போர்த்திய ஒரு மனிதர் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மெல்லத் திரும்பினார். நடந்தார். காற்றில் பலகை முனகும் சத்தம் கேட்டது.

அவர் கால் வைத்த இடத்திலிருந்தெல்லாம் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே ஒரு செந்தட்டி இலை தலையசைத்தது.